பாவாத்தாள் அம்மையாரின் கோடைப்பூ

செங்கரடு ரயில் நிலையத்தில் காலை ஐந்தரை மணி வண்டி வந்து நிற்பதற்கு முன்பே நடைமேடை முழுவதும் பெருக்கப்பட்டிருக்கும். வெற்றிலைச் சக்கையும் வேர்க்கடலைத் தோலும், எழுதத் தகாத பிறவும் அங்கே கிடந்த சுவடே இராது. அப்பணியை இருபது ஆண்டுகள் இடைவிடாது செய்தவர் பாவாத்தாள் அம்மையார். ஊரார் அவரை 'டேசன் கூட்டறவ' என்றே குறிப்பிட்டனர். பெயர் சொல்லி அழைத்தோர் மிகச் சிலர்.

வண்டி புறப்பட்டதும் அம்மையார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழாயடியில் முகம் கை கால் கழுவி, மேற்கு நோக்கி நிற்பார். அங்கே செங்கரடு என்னும் சிறு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் வேலவர் கோயில் கொண்டுள்ளார். அம்மையார் கண் மூடி உருகுபவர் அல்லர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எந்திரிச்சாச்சா? நான் எந்திரிச்சு மூணு மணி நேரமாச்சு" என்பார். அதுவே அவருடைய திருப்பள்ளியெழுச்சி.

அவருடைய அன்பு எப்போதும் சண்டையின் வடிவிலேயே வெளிப்பட்டது. அவருடைய கணவர் சென்னியப்பர் இருப்புப்பாதையில் கூலி வேலை செய்தவர். ஓர் ஆடி மாதத்தில் பாம்பு தீண்டி இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் அம்மையார் குன்றேறிச் சென்று, சன்னிதியில் நின்று, "உன்ர மயிலு அன்னிக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?" என்று கேட்டார். திரும்பும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் பெருக்கிக்கொண்டே இறங்கினார். கேட்கவேண்டியதைக் கேட்டாயிற்று என்பதற்காகச் செய்யவேண்டியதை விட்டுவிடுவது அவர் இயல்பன்று.

ஒரு சித்திரை மாத உச்சிப்பொழுதில் அம்மையார் சன்னிதிக்குச் சென்றபோது, வேலவரின் கழுத்தில் மூன்று நாள் பழையதான அரளிச் சருகு தொங்கிக்கொண்டிருந்தது. பூசை செய்யும் சடையப்பப் பண்டாரம் நல்லவர். ஆனால் அச்சமே உருவானவர்.

"சாமிக்குப் பூவில்லீங்களா?"

"ஏது அம்மணி பூ? நந்தவனத்துக் கெணத்துல ஓணான் ஓடுது. ஐப்பசில மழை பேஞ்சாப் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் அவரு வெறுங்கழுத்தோட நிக்கறதா?"

"நானென்ன பண்ணட்டும்? மெதுவாப் பேசு. பண்ணாடி காதுல உழுந்துபோடும்."

பண்ணாடி என்பது அவ்வூரில் நிலக்கிழாரைக் குறிக்கும் சொல். கோயில் தர்மகர்த்தா வையாபுரிப் பண்ணாடி அவர்களைத்தான் பண்டாரம் குறிப்பிட்டார். குன்றின் கீழ்ப்புறம் பண்ணாடி அவர்களுக்கு ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்தில் மல்லிகைத் தோட்டம் இருந்தது. நாள்தோறும் ஐந்தரை மணி வண்டியில் கூடை கூடையாக மல்லிகை நகரத்துச் சந்தைக்கு ஏறும். கூடைகளிலிருந்து நடைமேடையில் சிந்தும் பூக்களைப் பெருக்கித் தள்ளுவதும் அம்மையாரின் பணியே. ஊரில் பூ இருந்தது. வேலவருக்குத்தான் இல்லை. இதனை அறிந்தும் ஊரார் மாம்பழம் தின்று, மதியம் உறங்கி, மாலையில் மலையேறி விபூதி பூசிக்கொண்டு இறங்கினர். பெரியோர் பொறுத்தருள வேண்டும். அந்த ஊரை வேறு எவ்வாறு சொல்வதென்று தெரியவில்லை.

அன்று அம்மையார் ஓர் உறுதி பூண்டார். தம் உடலில் உயிருள்ளவரை, கோடையில் ஒரு நாளும் வேலவர் வெறுங்கழுத்தோடு நிற்கக் கூடாது.

உறுதி பூண்டுவிட்டார், பூவுக்கு என்ன செய்வது? வறண்ட கரட்டு நிலத்தில், உச்சி வெயிலில், கிணற்று நீரின்றி எது பூக்கும்? இவ்வினாவுக்கு விடை அவருடைய சேலை விளிம்பில் தொற்றிக்கொண்டு வந்தது.

நிலைய அதிகாரி தேவசகாயம் அவர்கள் தெற்கத்திச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர். செடி வளர்ப்பதில் விருப்பமுள்ள அவர், முன்பு வேலை பார்த்த மலைநாட்டு நிலையத்திலிருந்து ஒரு பூச்செடியைக் கொண்டுவந்து தொட்டிகளில் வைத்திருந்தார். கொத்தமல்லித் தழை போன்ற மெல்லிய இலை. ஐந்து இதழுள்ள பொன்னிறப் பூ. அருகில் சென்றால் தேன் மணம். நூலறிந்தோர் அதனைப் பைடென்ஸ் என்பர். அதன் விதை கறுத்து மெலிந்து, நுனியில் இரண்டு பற்களோடு இருக்கும். யார் உரசிச் சென்றாலும் அவர் ஆடையைக் கவ்விக்கொள்ளும்.

ஒரு நாள் வீட்டில் சேலையை உதறியபோது பத்துப் பன்னிரண்டு விதைகள் உதறலுக்கு அசையாமல் பற்றிக்கொண்டிருப்பதை அம்மையார் கண்டார். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தாளில் மடித்து, மறுநாள் நிலைய அதிகாரியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"உங்க செடி வெதைங்க சார். சேலைல ஒட்டிக்கிட்டு வந்துருச்சு."

தேவசகாயம் அவர்கள் வியப்போடு பார்த்தார். "ஏம்மா, இதைப் போயி யாராவது திருப்பிக் குடுப்பாவளா? வச்சுக்க. நல்லா வெயிலடிக்க எடத்துல போடு. தண்ணி கம்மியா இருந்தாலும் கெடந்து பூக்கும். கோடைக்கின்னே பொறந்த செடி."

"கோடைலயா பூக்கும்?"

"கோடையிலதாம்மா பூக்கும்."

அம்மையார் குன்றைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்றார். நிலைய அதிகாரி தம்மைத்தான் கேட்கிறார் என எண்ணித் தலையசைத்தார்.

குன்றின் படிகள் தொடங்கும் இடத்துக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே எவருக்கும் உரிமையில்லாத ஒரு புறம்போக்குத் துண்டு இருந்தது. சரளையும் சப்பாத்திக் கள்ளியும் நிறைந்த அந்த இடத்தை அம்மையார் மூன்று மாதம் கொத்திச் சீர்செய்தார். தை மாதத்தில் செம்மண்ணோடு ஆற்றுமணல் கலந்து விதை தூவி, விதை மறையுமளவுக்கு மட்டும் மண் தூற்றினார். ஒருநாள் விட்டு ஒருநாள் நிலையத்துக் குழாயிலிருந்து குடம் சுமந்தார். நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் கொழுந்தைக் கிள்ளினார். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை பிரிந்தது. பங்குனியில் பூத்தது. வாடிய பூக்களை நாள்தோறும் கிள்ளி எறிந்து, விதைக்கென்று ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்தார். முதற்பூப்பு ஓய்ந்ததும் கத்தரியை எடுத்துச் செடிகளைப் பாதி உயரத்துக்கு வெட்டினார்.

படியேறிச் சென்றோர் நின்று சிரித்தனர். "பூத்த செடிய வெட்டறா பாரு. புருசன் போனதுல இருந்து புத்தியும் போச்சு."

"புத்தி இருக்கறவிய ஒரு கொடம் தண்ணி ஊத்திப்போட்டுப் போங்க" என்றார் அம்மையார்.

ஒருவரும் ஊற்றவில்லை. மூன்று வாரத்தில் செடிகள் இருமடங்காகத் தழைத்து, சித்திரை முழுவதும் பொன்னைக் கொட்டின. பண்டாரம் நான்கு புறமும் பார்த்துவிட்டு மாலையை வாங்கிச் சாத்தினார். இவ்வாறு இரண்டு கோடைகள் சென்றன. ஊரெல்லாம் வறண்ட நாட்களிலும் வேலவர் கழுத்து ஒரு நாளும் வறளவில்லை.

இகழ்ச்சியும் வளர்ந்தது. சிலர் அதனை 'டேசன் பூ' என்றனர். ஒட்டிக்கொண்டு வந்த விதையின் வரலாற்றைக் கேட்ட சிலர் 'திருட்டுப் பூ' என்றனர். பண்ணாடி அவர்கள் ஒரு நாள் சன்னிதியில் நின்று, பலர் கேட்கச் சொன்னார்: "ஏய் பண்டாரம், கண்ட களையெல்லாம் சாமி கழுத்துல போடறயே, நாளைக்கு எருக்கஞ்செடியக் கட்டித் தொங்கவிடுவியா? கூட்டறவ கொண்டாந்தா வாங்கிக்கறதா?" தேவசகாயம் அவர்கள் இதைக் கேள்வியுற்று, பண்ணாடி அவர்கள் வண்டியேற வந்தபோது, "ஐயா, விதை நாந்தான் குடுத்தேன். அந்தம்மா களவாங்கல" என்று சொன்னார். பண்ணாடி அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வண்டி லேட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் கோடையில் மழை முற்றிலும் பொய்த்தது. சித்திரைத் திருவிழாவைப் பற்றிப் பேச ஊரார் கோயிலில் கூடினர். வறட்சி நீங்க வேலவருக்குச் சிறப்பாகப் பூச்சாற்ற வேண்டும் என்றும், அதற்கு நகரத்திலிருந்து மாலைகள் வரவழைக்க வேண்டும் என்றும் பண்ணாடி அவர்கள் உரைத்தார். படியோரத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்த அம்மையார் முன்னே வந்தார்.

"டவுன்ல இருந்து எதுக்குங்க பண்ணாடி? தெனமும் உங்க மல்லிகை என்ர கண்ணு முன்னால வண்டியேறுது. நான் டேசன் கூட்டற இத்தன வருசத்துல, ஒரு முழம் மலையேறிப் பாக்கலைங்களே? கீழ சிந்தறதக் கூட்டித் தள்ளறவளுங்க நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

கூட்டத்தில் எவரோ சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே வினையாயிற்று.

திருவிழாவுக்கு முந்தின நாள் முற்பகலில் பண்ணாடி அவர்கள் நான்கு ஆட்களை மண்வெட்டியோடு அனுப்பி, தாமும் உடன் சென்று நின்றார். புறம்போக்கு நிலத்தை ஆக்கிரமித்ததாகச் சொல்லிச் செடிகள் அனைத்தும் வேரோடு பறிக்கப்பட்டன. ஆட்கள் ஒவ்வொரு செடியையும் மண் உதிர நிலத்தில் அறைந்து அறைந்து எறிந்தனர். அம்மையார் வேலை முடிந்து குடத்தோடு வந்தபோது, ஒரு செடியும் நிற்கவில்லை. பறித்தவர்களின் வேட்டிகளிலும் பண்ணாடி அவர்களின் சரிகைக் கரையிலும் இரட்டைப்பல் விதைகள் கறுப்பாகக் கவ்வியிருந்தன.

அம்மையார் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலேயே படியேறினார். சன்னிதி வாசலில் நின்று அவர் பேசிய சொற்களை எழுதலாமா என்று தயங்கவேண்டியுள்ளது. எனினும் அடியார் சொல்லை மறைப்பதும் பிழையே.

"வேலு எதுக்கு வெச்சிருக்க? சொறிஞ்சுக்கவா? மூணு வருசம் உனக்குக் கொட்டினேன். எனக்காக ஒண்ணு கேட்டனா? உன்ர கழுத்துக்குத்தான கேட்டேன்! அவனுங்க புடுங்கறப்ப மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த? நாளைக்கு நான் உன்ர திருவிழாவுக்கு வரமாட்டேன். நீ வேணும்னா என்னையத் தேடி வா."

பண்டாரம் காதுகளைப் பொத்திக்கொண்டார். அம்மையார் இறங்கி வந்து, வெற்று நிலத்தின் முன் நின்று, குடத்து நீரைச் செடியிருந்த வரிசைகளில் வழக்கம்போல் அளவாக ஊற்றிவிட்டு வீடு சென்றார்.

மறுநாள் திருவிழா. செங்கரட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலவரின் ஐம்பொன் திருமேனியை நீராட்டி, மாலை அணிவிக்காமல், ஈரத் தோள்களில் வலப்புறம் ஒரு வெள்ளரளியும் இடப்புறம் ஒரு செவ்வரளியும் ஒட்டிவைத்து வாக்குக் கேட்பர். வலப்பூ விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் மறுப்பு. வாக்கின்றித் திருமேனியை ஓரடியும் நகர்த்தலாகாது. வாக்கு வந்துவிட்டாலோ, அந்தக் கணமே அப்படியே தூக்கவேண்டும். மாலை அணிவிக்கவும் நேரம் தாழ்த்தலாகாது. சப்பரத்தின் வலது முன்தண்டு தர்மகர்த்தாவின் தோளுக்குரியது. அத்தண்டுக்குத் தோள் கொடுத்தவர், சாமி மீண்டும் கோயில் சேரும்வரை தம் வீட்டு வாசற்படியை மிதிக்கலாகாது. ஊரைச் சுற்றி வர ஒரு மணி நேரமே ஆகுமாதலால் இந்த விதி எவருக்கும் சுமையாக இருந்ததில்லை.

பண்டாரம் பூக்களை ஒட்டிவைத்து, "ஊர்வலம் பொறப்படலாமுங்களா?" என்று கேட்டார். இரண்டும் விழவில்லை. நகரத்து ரோஜா மாலைகள் கூடைகளில் காத்திருந்தன. பத்து மணியாயிற்று, பதினொன்றும் ஆயிற்று. பண்ணாடி அவர்கள், "பூவ நல்லா ஒட்டிப்போட்டியா? கொஞ்சம் தளர்த்து" என்று பல்லைக் கடித்துச் சொன்னார். பண்டாரம் புதுப்பூ வைத்தார். அதுவும் விழவில்லை. உச்சிவெயிலில் பாறை கொதித்தது, பெண்கள் முணுமுணுத்தனர், நாகசுரக்காரர் சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அப்போது சடையப்பப் பண்டாரம், தம் வாழ்நாளில் எவரையும் எதிர்த்துப் பேசியறியாத அந்த மனிதர் சொன்னார்: "கேள்விய மாத்திக் கேக்கறனுங்க."

"என்னன்னு?"

பண்டாரம் வேலவர் பக்கம் திரும்பினார். "பாவாத்தா தோட்டத்துக்குப் போலாமுங்களா?"

வலத்தோளிலிருந்த வெள்ளரளி சொல் முடிவதற்குள் விழுந்தது.

"அரோகரா!" என்ற முழக்கத்தில் பண்ணாடி அவர்கள் ஏதோ சொன்னது எவர் காதிலும் விழவில்லை. "தோளக் குடுங்க பண்ணாடி!" என்று நாற்புறமும் குரல் எழுந்தது. அவர் தோள் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வார்? முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் வெயிலில் இறங்கி, முந்தின நாள் தாம் நின்று அழித்த நிலத்துக்கு வேலவரைச் சுமந்து வந்தார்.

அம்மையார் அங்கே வெறும் மண்ணுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழக்கம் கேட்டு நிமிர்ந்தார். சப்பரத்தில் வேலவர் வந்துகொண்டிருந்தார். சித்திரை வெயில், கழுத்தில் ஒரு பூ இல்லை. எந்த நாளும் நிகழக் கூடாதென்று அம்மையார் எதற்காகக் குடம் சுமந்தாரோ, அந்தக் கோலத்திலேயே அவரைத் தேடி வந்து நின்றார்.

"ஐயோ, இப்படியா வருவ?" என்று அம்மையார் அலறினார். "மொட்டைக் கழுத்தோடயா வருவ? நான் கூப்பிட்டா உடனே வந்துபோடறதா? கோவத்துல ஒருத்தி பேசுனா, பொறு, பூ பூக்கட்டும்னு இருக்கமாட்டியா?"

பின்பு குனிந்து, தாம் நனைத்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பண்டாரத்திடம் நீட்டினார். "இதுதான் இருக்குது." பண்டாரம் பண்ணாடி அவர்களைப் பார்க்கவில்லை. மண்ணை வாங்கி, சந்தனம் போல் வேலவரின் திருநெற்றியில் சாத்தினார்.

சற்று நேரத்தில் பண்ணாடி அவர்கள், "ஆச்சல்ல? கோயிலுக்குப் போலாம்" என்றார். போவதற்கும் வாக்கு வேண்டும். அரளி வைத்துக் கேட்டார்கள், விழவில்லை. பண்ணாடி அவர்கள் ஆள் அனுப்பித் தம் தோட்டத்து மல்லிகையைப் பறித்துவரச் செய்தார். வேலவரைத் தேடி அந்த மல்லிகை வந்தது அதுவே முதன்முறை. அதை வைத்துக் கேட்டார்கள்; தோளிலேயே ஒட்டிக் காய்ந்தது. மூன்று நாள் இவ்வாறு சென்றபின் பண்டாரம் கேட்டார்: "பாவாத்தா பூ பூத்தாத்தான் போறதுங்களா?" வலப்பூ விழுந்தது.

பண்ணாடி அவர்கள் துண்டை உதறி எழுந்தார். "இதெல்லாம் பண்டாரம் பண்ற வித்தை! நான் ஊட்டுக்குப் போறேன்."

வேலவருக்கு ஓலைப்பந்தல் போட்டுக்கொண்டிருந்த ஊரார் வேலையை நிறுத்தினர். ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "சாமிய வெயில்ல விட்டுப்போட்டு, தோள் குடுத்தவிய ஊட்டுக்குப் போறீங்களாக்கும்? மழ இல்லாத வருசமுங்க. போயிப் பாருங்க."

பண்ணாடி அவர்கள் போகவில்லை. பந்தலின் ஓரத்தில் அமர்ந்தார். வீட்டிலிருந்து சோறு வந்தது, வாசற்படி வரவில்லை. ஐந்தாம் நாள், தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தச் செடி மொளைக்கறதுக்கு என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"தண்ணி எடுங்க" என்றார் அம்மையார். "வெதை போடவேண்டியதில்லீங்க. உங்காளுங்க அன்னிக்குச் செடிய அறைஞ்ச அறைல வெதையெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. நல்லாத்தான் வெதைச்சிருக்கறாங்க."

முதிர்ந்த தலையுள்ள செடியை நிலத்தில் அறைந்தால் அது அழிப்பதாகாது, விதைப்பதாகும் என்பதை மல்லிகைப் பதியன் மட்டுமே அறிந்த அவர்கள் அறிந்திருக்கவில்லை.

வையாபுரிப் பண்ணாடி அவர்கள் குடம் எடுத்தார். முதல் நாள் அவர் ஊற்றிய வேகத்தில் மண் அரித்தது. "கைய வெச்சுத் தடுத்து ஊத்துங்க! பொறக்கப்போற புள்ளைய அடிச்சுத் தள்ளுவீங்களா?" என்று அம்மையார் சீறினார். பத்தாம் நாள் முளை கண்டது. மகிழ்ந்துபோன பண்ணாடி அவர்கள் தம் தொழுவத்திலிருந்து ஒரு வண்டி எரு வரவழைத்தார். அம்மையார் வண்டிக்குக் குறுக்கே நின்றார்.

"எருவக் கொட்டாதீங்க. கொழுப்பு ஏறுனா எலையாத்தான் வளரும், பூக்காது. மனுசனாட்டமேதானுங்க."

வண்டி திரும்பிப் போயிற்று. நாற்று ஒரு சாண் வளர்ந்தபோது, கொழுந்து கிள்ளவேண்டிய நாள் வந்தது. பண்ணாடி அவர்கள் செடிமுன் குந்தி அமர்ந்தார், விரல் நீளவில்லை.

"கிள்ளுனா இன்னும் நாளாகுமல்ல?"

"ஆகுமுங்க. கிள்ளாட்டி ஒத்தப் பூ. கிள்ளுனா நூறு."

"பட்டுப்போயிருச்சுன்னா?"

"அன்னிக்கு வேரோட புடுங்கறப்ப நடுங்காத கை, இன்னிக்குக் கொழுந்துக்கு நடுங்குதுங்களா? கிள்ளுங்க பண்ணாடி!"

அவர் கிள்ளினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். வியர்வையா வேறெதுவுமா என்று அம்மையார் கேட்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அவருடைய கோபம் தணியவில்லை. தணியவேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நாள்தோறும் நிலையத்தைப் பெருக்கிவிட்டு வந்து, செடிகளைப் பார்த்து, பந்தலிலிருந்த வேலவரைப் பார்த்து, "உன்னால எத்தன பேருக்கு வேலை!" என்று முறைத்துவிட்டுக் குடத்தை எடுப்பார்.

ஐம்பத்து நான்காம் நாள் காலையில் முதற்பூ விரிந்தது. ஐந்து இதழ், பழுதில்லாத பொன். ஊர் கூடிவிட்டது. பண்டாரம் பூவைப் பறித்தார். தாம் வைப்பதற்கு உயர்த்திய கையை நிறுத்தி, அதனை அம்மையாரிடம் நீட்டினார். நிலையம் பெருக்கும் கை திருமேனியைத் தீண்டுவதா என்று சிலர் பண்ணாடி அவர்களின் முகத்தைப் பார்த்தனர். கறுத்து மெலிந்து, தோளில் குடத்தழும்போடு நின்ற அவர் குனிந்து சப்பரத்தின் வலது முன்தண்டைப் பற்றிக்கொண்டு, தூக்குவதற்கு ஆயத்தமாக நின்றார்.

அம்மையார் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பூவை வேலவரின் ஈர வலத்தோளில் வைத்தார். கேள்வி கேட்க வாய் திறந்தார், சொல் வரவில்லை. இருபது ஆண்டுகள் வேலவரோடு வாயோயாமல் சண்டையிட்டவர், அன்று ஒரு சொல்லும் இன்றி நின்றார்.

கேளாமலேயே பூ விழுந்தது. நீட்டியபடியே இருந்த அம்மையாரின் உள்ளங்கையில் விழுந்தது.

வேலவர் மலையேறினார். படிகள் முழுவதும் அம்மையார் சப்பரத்தின் முன்னே பெருக்கிக்கொண்டு சென்றார். அன்று மாலை மழை பெய்ததென்று சிலர் கூறுவர். பெய்யவில்லையென்று சிலர் கூறுவர். ஆனால் மறுநாள் முதல் பண்ணாடி அவர்களின் முதற்கூடை மல்லிகை வண்டியேறவில்லை, மலையேறியது என்பதில் இருவேறு கருத்தில்லை. அதில் தொடுத்த மாலையின் மேலே அம்மையாரின் பொன்மலர் ஒன்று இருந்தால் மட்டுமே வேலவர் அதை ஏற்றருளினார்.

தம்மைத் தேடி இறைவனையே வெயிலில் இறங்கிவரச் செய்தவர். சினத்தின் உச்சியிலும் தண்ணீர்க் குடத்தைத் தரையில் இறக்காதவர். பாவாத்தாள் அம்மையாரின் புழுதி படிந்த திருவடிகள் நம் தலைமேல் என்றும் பொலிவதாக.